போர்க்கைதிகளை டிவியில் காட்டலாமா? அபிநந்தன் வீடியோவும் நம்ம சேனல்களும்

தென்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி கடைசி வந்தாலே அந்த வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. அனுப்புகிறவர்கள் நல்லெண்ணத்தோடு, கொடி போட்டு, கும்பிடு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதனாலேயே இதைப் பேச வேண்டும் என்று தோன்றியது.

2019 பிப்ரவரி 27. விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 வீழ்ந்து, அவர் பாராசூட்டில் எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தான் கையில் இருந்த இடத்தில் இறங்கினார். ஊர்க்காரர்கள் சூழ்ந்து அடித்தார்கள். பிறகு ராணுவம் வந்து பிடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் முதல் வீடியோ வந்தது: கண்ணைக் கட்டி, முகமெல்லாம் ரத்தம். அடுத்தது டீ கோப்பையோடு. அந்த இரண்டாவதைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். என்ன விமானம் ஓட்டினீர்கள் என்று கேட்கிறார்கள், அதைச் சொல்ல முடியாது என்கிறார். எந்த ஊர் என்று கேட்கிறார்கள், தெற்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எதிராளியின் அறையில், அடிபட்ட உடம்போடு உட்கார்ந்துகொண்டு, ஊர்ப்பெயரைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர்.

அவர் அங்கே மறைத்ததை நாம் இங்கே வாசலில் நின்று கூவினோம். சென்னையில் அவர் குடும்பம் இருக்கும் வீட்டின் முன்னால் கேமராக்கள். அப்பா விமானப்படையில் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றவர், மனைவி என்ன வேலை பார்த்தவர், எல்லாம் திரையில் ஓடின. அன்று மாலை வெளியுறவு அமைச்சகம், காயம்பட்ட ஒருவரை இப்படிக் காட்சிப்பொருளாக்குவது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று பாகிஸ்தானுக்குக் கண்டனம் தெரிவித்தது. கண்டனச் செய்தியை வாசிக்கும்போதே பக்கத்துக் கட்டத்தில் அதே வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

1949 ஜெனீவா மூன்றாம் ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, போர்க்கைதிகளை வன்முறை, மிரட்டலிலிருந்து மட்டுமல்ல, அவமதிப்பிலிருந்தும் ஊர் வேடிக்கையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். பிடித்தவன் எடுத்துக் கொடுக்கும் கைதி வீடியோவை எந்தச் சேனலும் ஒளிபரப்பக்கூடாது. கைதி நம்ம ஆளாக இருந்தாலும் சரி, அவர்கள் ஆளாக இருந்தாலும் சரி. கேமராவை அணை என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவரிடம் சம்மதம் என்ற ஒன்று கிடையாது. உங்கள் கருத்து?

டெஸ்க் ராஜா எழுதியது:

தென்கரை சார், நான் ஒரு செய்திச் சேனலில் டெஸ்க்கில் வேலை பார்ப்பவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

அந்த மாதிரி நாளில் விஷுவல் எங்களுக்கு முதலில் வருவதில்லை. ட்விட்டரில் வந்து, எல்லார் போனிலும் வந்து, கடைசியில்தான் எங்கள் ரன்டவுனுக்கு, அதாவது செய்தி வரிசைப் பட்டியலுக்கு வரும். போட்டிச் சேனலில் ஓடுகிறது, உன் ஸ்கிரீனில் ஏன் இல்லை என்று மேலிருந்து போன். ஐந்து நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும். வழக்கமாக எடுக்கும் முடிவு: ரத்தத்தை பிளர் செய், லூப்பில் போடு, மேலே பிரேக்கிங் பட்டை போடு. இது சரி என்று சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் வாதத்தில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த வீடியோவால்தான். முகம் வெளியே வந்துவிட்ட பிறகு அவரை இல்லாமல் ஆக்குவது சுலபமில்லை. 'எங்களிடம் யாரும் இல்லை' என்று பாகிஸ்தான் சொல்ல வழியே இல்லாமல் போனது. மார்ச் 1 ராத்திரி அவர் வாகா வழியாக நடந்து வந்தார். அந்த வீடியோ இல்லாமலிருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருப்பாரா? காட்டுவதே சில சமயம் காவல்.

வேலூர் சுபேதார் எழுதியது:

தம்பி ராஜா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பட்டாளத்தில் இருந்தவன் என்ற முறையில் மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

1971 போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக நம்பப்பட்ட நம் வீரர்கள் 54 பேர் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதில் மேஜர் ஏ.கே. கோஷ் ஒருவர். 1971 டிசம்பர் கடைசியில் வந்த டைம் பத்திரிகையில், சிறைக்கம்பிக்குப் பின்னால் நிற்கும் இந்தியக் கைதி ஒருவரின் படம் வந்தது. அது அவர்தான் என்று குடும்பம் அடையாளம் காட்டியது. உலகம் முழுக்கப் போகிற பத்திரிகை தம்பி அது. அதற்கப்புறமும் அவர் வரவில்லை. படம் வந்தால் உயிர் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். கைதிக்குக் காவல், பதிவேட்டில் பெயர் ஏறுவது. செஞ்சிலுவைச் சங்கத்துக்காரன் நேரில் வந்து பார்ப்பது. வீட்டுக்குக் கடிதம் எழுத விடுவது.

இன்னொன்று. கார்கில் சமயம், 1999 மே 27இல் ஃப்ளைட் லெப்டினன்ட் நச்சிகேதா பிடிபட்டார். ஒரு வாரத்தில் விட ஒத்துக்கொண்டார்கள். ஒப்படைப்பதைப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால், ஒரு நிகழ்ச்சி மாதிரி நடத்தப் பார்த்தார்கள். அப்போது இஸ்லாமாபாத்தில் நமது தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி, கேமரா முன்னால் வாங்கிக்கொள்ள முடியாது என்று மறுத்துவிட்டார். பிறகுதான் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாக ஒப்படைத்தார்கள். ஒரு விமானியை விடுவிக்கிற நேரத்தில், 'எங்கள் பிள்ளையை நீ கடை விரிக்க வேண்டாம்' என்று சொல்ல எவ்வளவு திடம் வேண்டும்! எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

சட்டமாணவி எழுதியது:

சுபேதார் ஐயா, நச்சிகேதா விஷயத்தை எடுத்ததற்கு நன்றி. சட்டத்தின் பக்கம் சில விஷயங்கள் சேர்க்கிறேன், ஏனென்றால் 'இதெல்லாம் பேப்பரில்தான், யாரை இதற்காகத் தண்டித்தார்கள்' என்று யாராவது கேட்பார்கள்.

தண்டித்திருக்கிறார்கள். 1944இல் ரோம் நகரின் ஜெர்மன் தளபதி கர்ட் மெல்ட்சர், பிடிபட்ட பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்கள் பல நூறு பேரை கொலோசியம் வழியாக ரோம் தெருக்களில் ஊர்வலமாக நடக்க வைத்தார். கூட்டம் கல்லும் குச்சியும் எறிந்தது. அதையெல்லாம் படம் பிடித்துப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1946இல் அமெரிக்க ராணுவ ஆணையம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது, பிறகு 3 ஆண்டாகக் குறைத்தார்கள். ஊர் வேடிக்கையிலிருந்து காக்கவேண்டும் என்பது 1929 ஒப்பந்தத்திலேயே இருந்ததால்தான் இது நடந்தது. அதே 1944 ஜூலையில் சோவியத் அரசு ஏறக்குறைய 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ தெருக்களில் நடத்திக்கொண்டு போனது. அதற்கு யாரும் கூண்டில் ஏறவில்லை. தோற்றவனுக்கு மட்டும் சட்டம் என்ற கசப்பு அங்கேயே தொடங்குகிறது.

2003ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 23, ஈராக்கின் நசிரியாவில் வழி தவறிய அமெரிக்கப் பராமரிப்புப் படைப்பிரிவு ஒன்று மாட்டிக்கொண்டது. பிடிபட்டவர்களை ஈராக் தொலைக்காட்சி ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுக் காட்டியது, இறந்தவர்களின் உடல்களையும் காட்டியது. அல் ஜசீரா அதை எடுத்து ஒளிபரப்பியது. ஷோஷனா ஜான்சன் என்ற பெண் வீரர், இரண்டு காலிலும் காயம், கண்கள் மிரண்டு அங்குமிங்கும் ஓடுகின்றன. அவருடைய அப்பா டெக்சாஸில் பேத்திக்குக் கார்ட்டூன் தேடிச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தவர், ஒரு ஸ்பானிஷ் சேனலின் செய்தியில்தான் மகள் பிடிபட்டதை அறிந்தார். ராணுவம் வந்து சொல்வதற்கு முன்னால்.

அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அன்றைக்கே ஜெனீவா ஒப்பந்த மீறல் என்றார். சொன்னது சரி. ஆனால் முந்தைய சில நாட்களாக, மண்டியிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்த ஈராக்கிய வீரர்களின் முகங்கள் அமெரிக்கச் சேனல்களில் தாராளமாக ஓடின. படையோடு போன செய்தியாளர்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் கொடுத்த விதிகளிலேயே, கைதியின் அடையாளம் தெரியும் முகத்தையோ பெயர்ப்பட்டையையோ படம் எடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. 2002 ஜனவரியில் அமெரிக்காவின் குவாண்டானாமோ தடுப்பு முகாமில் ஆரஞ்சு உடையில் மண்டியிட்டவர்களின் படங்களை வெளியிட்டதே பென்டகன்தான். அவர்கள் போர்க்கைதிகளே இல்லை என்று ஒரு விளக்கமும் கூடவே.

ராஜா அண்ணா, ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். ஒப்பந்தம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் சேனலை அது நேராகப் பிடிக்காது. அதனால்தான் இது உங்கள் டெஸ்க்கின் மனசாட்சிக் கேள்வியாகிறது.

கரிசல்காட்டான் எழுதியது:

எல்லாம் சரி. சதாம் உசேனுக்குமா மரியாதை? 2003 டிசம்பரில் குழியிலிருந்து பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் காட்டினார்கள். அத்தனை ஆயிரம் குர்துகளைக் கொன்றவனைப் பார்த்து அந்த மக்கள் நிம்மதி அடைந்ததில் என்ன தப்பு? அவன் பிடிபட்டான் என்று ஆதாரம் காட்டாவிட்டால் யார் நம்புவார்கள்?

தென்கரை எழுதியது:

கரிசல்காட்டான், பிடிபட்டார் என்று நிரூபிக்க ஒரு நேர்முகப் புகைப்படம் போதும். பல்லைச் சோதிப்பது எதை நிரூபிக்கிறது? மாட்டைப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்க்கிறார்களே என்று வத்திக்கானின் கார்டினல் மார்ட்டினோ அப்போதே வருத்தப்பட்டார், அவர் சதாமின் ஆதரவாளர் இல்லை. அடுத்த மாதமே அமெரிக்கா சதாமைப் போர்க்கைதி என்று ஏற்றுக்கொண்டது. குர்துகளுக்கு நியாயம் நீதிமன்றத்தில் கிடைக்க வேண்டியது. நல்லவன் கெட்டவன் பார்த்துக் கொடுப்பதாக இருந்தால் அந்த 13ஆம் பிரிவு நச்சிகேதாவுக்கும் கிடையாது. அவரைப் பிடித்தவர்களுக்கு அவர் குண்டு போட வந்தவர்.

நெறியாளர்:

ஒரு பதிவில் இருந்த யூடியூப் சுட்டியை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் எந்தக் கைதி வீடியோவையும் இணைக்க வேண்டாம். காட்சியை எழுத்தில் விவரித்தால் போதும், எல்லாருக்கும் புரிகிறது.

யாழ்நிலா எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். தென்கரை அண்ணை, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். உங்கட நியாயம் விளங்குது. ஆனா எங்கட அனுபவத்தை வைச்சுப் பாக்கேக்க அது முழுசாப் பொருந்தேல்லை.

2009 ஓகஸ்டில பிரிட்டிஷ் தொலைக்காட்சி சனல் 4 ஒரு வீடியோ போட்டது. நிர்வாணமாக, கண்ணும் கையும் கட்டின ஆக்களைப் பின்னால இருந்து சுடுற காட்சி. அதை எடுத்ததே சுட்ட பக்கத்து ஆக்கள், போனில, வெற்றிச் சின்னம் மாதிரி. அரசாங்கம் பொய் எண்டது. 2010 ஜனவரியில சட்டவிரோதக் கொலைகளை விசாரிக்கிற ஐ.நா. நிபுணர் பிலிப் அல்ஸ்ரன், நிபுணர்களைக் கொண்டு பரிசோதிச்சு, அது உண்மையானதாத்தான் தெரியுது எண்டார். புலிகளின்ர தொலைக்காட்சியில செய்தி வாசிச்ச இசைப்பிரியா சண்டையில செத்தவ எண்டு இராணுவம் சொன்னது. 2013இல வந்த வீடியோவில அவ உயிரோட, பிடிபட்ட நிலையில இருக்கிறா. அந்த வீடியோ இல்லாட்டி அந்தப் பொய்தான் வரலாறு.

பிரபாகரன்ர மகன் பாலச்சந்திரன்ர படம் வந்ததும் 2013 பெப்ரவரியில. 12 வயசுப் பிள்ளை. பங்கருக்குள்ள இருந்து என்னவோ சாப்பிடுது. அடுத்த படத்தில நெஞ்சில குண்டு. முதல் படத்தில முகத்தை மறைச்சிருந்தா, ரெண்டு படத்திலையும் இருக்கிறது ஒரே பிள்ளைதான் எண்டு ஆர் நம்பியிருப்பினம்? முகம்தான் அங்க சாட்சி. அதைப் பாத்துத்தான் அடுத்த மாதம் சென்னையில மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தவை.

உள்நாட்டுப் போர் எண்டபடியால் போர்க்கைதி எண்ட பெயரே எங்கட ஆக்களுக்குச் சட்டத்தில கிடைக்கேல்லை. மிஞ்சினது படம்தான். அதையும் காட்டாதேங்கோ எண்டால் நாங்கள் எதைக் காட்டுறது?

ஆனா இதையும் சொல்லோணும். இசைப்பிரியான்ர படங்களைத் துணி விலகின மாதிரியே முகநூலில பகிர்ந்தது எங்கட சனமும்தான். கோபத்தில செய்தது. அவவின்ர தாயும் சகோதரங்களும் அதைப் பாக்க வேண்டி வரும் எண்டு யோசிக்கேல்லை.

தென்கரை எழுதியது:

யாழ்நிலா அக்கா, பதில் எழுத நேரம் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் இரண்டு வேறு வகைப் படங்கள். பிடித்தவன் நமக்குக் காட்ட வேண்டும் என்று எடுப்பது ஒன்று. நாம் பார்த்துவிடக்கூடாது என்று பிடித்தவன் மறைத்தது இன்னொன்று. நசிரியா பேட்டியும் டீ கோப்பையும் முதல் வகை. அதை ஒளிபரப்பினால் பிடித்தவன் வேலையை நாம் செய்து கொடுக்கிறோம். சனல் 4 வெளியிட்டது, ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளைக் கொடுமை செய்ததைக் காட்டி 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி சிபிஎஸ் வெளியிட்ட படங்கள், இவை இரண்டாவது வகை. வெளியிடாமல் இருந்தால்தான் பிடித்தவனுக்கு லாபம். என் முதல் பதிவில் 'பிடித்தவன் எடுத்துக் கொடுக்கும்' என்று எழுதியது இதற்காகத்தான்.

இரண்டாவது வகையிலும் அபு கிரைப் படங்களில் கைதிகளின் முகத்தை மறைத்தே குற்றத்தைக் காட்ட முடிந்தது. பாலச்சந்திரன் படத்தில் முடியாது, நீங்கள் சொன்ன காரணத்தால். அதைக் காட்டியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தையின் படம் பிறகு இங்கே ஃபிளெக்ஸ் பேனர்களில், தலைவர்களின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் வந்ததே, அதை எந்தக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. சாட்சியம் வேலை முடிந்த பிறகும் அந்தப் பிள்ளையை மறுபடி மறுபடி தெருவில் நிறுத்தினோம்.

சட்டமாணவி எழுதியது:

செஞ்சிலுவைச் சங்கம் 2020இல் மூன்றாம் ஒப்பந்தத்துக்கு வெளியிட்ட புதிய விளக்கவுரையும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. அடையாளம் தெரியும் கைதியின் படம் பொதுவாகக் கூடாது. வலுவான பொதுநலன் இருந்தாலோ, அந்தக் கைதியின் உயிருக்கே அது தேவைப்பட்டாலோ விலக்கு. அப்போதும் கண்ணியம் கெடக்கூடாது. ராஜா அண்ணா சொன்ன 'காட்டுவதே காவல்' அந்த இரண்டாவது விலக்கில் அடங்கும். ஆனால் அதற்கு ஒரு படம், ஒரு தடவை போதும். நாள் முழுக்க லூப் எதற்கு?

டெஸ்க் ராஜா எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி, லூப்புக்கு நியாயம் கிடையாது. ஆனால் உக்ரைனைப் பாருங்கள். 2022இல் போர் தொடங்கியதுமே உக்ரைன் உள்துறை அமைச்சகம், பிடிபட்ட ரஷ்ய வீரர்களின் வீடியோக்களை டெலிகிராமில் போட்டது. ரஷ்ய அம்மாக்கள் பிள்ளையைத் தேடிக்கொள்ளட்டும் என்று காரணம் சொன்னார்கள். சொந்த அரசாங்கம் வாய் திறக்காத நிலையில், மகன் உயிரோடு இருப்பதை அப்படித்தான் அறிந்த அம்மாக்களும் உண்டு. அந்த அம்மாவிடம் போய் 13ஆம் பிரிவைப் படித்துக் காட்ட முடியுமா?

சட்டமாணவி எழுதியது:

அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அமைச்சகத்திடம் சொல்லலாம் அண்ணா. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மார்ச்சிலேயே அதை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டது. அம்மாவுக்குத் தேவை மகனின் செய்தி. அதை நேராக அவளுக்கே சொல்ல ஒப்பந்தத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. பிடிபட்டவுடனோ, முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள்ளோ கைதி தன் கையால் ஒரு அட்டை எழுதி வீட்டுக்கு அனுப்பலாம், 70ஆம் பிரிவு. கேமரா முன்னால் 'எங்கள் அரசு எங்களை ஏமாற்றியது' என்று சொன்ன பையன், கைதிப் பரிமாற்றத்தில் அதே அரசிடம்தான் திரும்பிப் போகிறான். அங்கே அவனுக்கு என்ன ஆகும் என்பதை வீடியோ எடுத்தவர் பார்த்துக்கொள்ளப் போவதில்லை.

ரஷ்யப் பக்கமும் இதேதான். உக்ரைன் படையில் இருந்த பிரிட்டிஷ்காரர் ஏய்டன் ஆஸ்லினை, கையில் விலங்கோடு உட்காரவைத்து ஒரு பிரிட்டிஷ் யூடியூபரே பேட்டி எடுத்தார். தன் விருப்பப்படி பேசுகிறேன் என்று ஆஸ்லின் அதிலேயே சொன்னார். 2022 செப்டம்பரில் விடுதலையாகி வந்த பிறகுதான், அடித்துச் சொல்ல வைத்தார்கள் என்று சொல்ல முடிந்தது.

வேலூர் சுபேதார் எழுதியது:

சரியாகச் சொன்னாய் அம்மா. கைதி வாயால் வருவது கைதியின் பேச்சு அல்ல. வியட்நாமில் 1966இல் ஜெரமையா டென்டன் என்ற அமெரிக்க விமானியை டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். வாயால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, விளக்கு வெளிச்சம் கூசுகிற மாதிரி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, மோர்ஸ் தந்தி முறையில் 'சித்திரவதை' என்று எழுத்தெழுத்தாக அனுப்பினார். அமெரிக்க உளவுப் பிரிவு அதைப் படித்தது. பட்டாளத்தில் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவன் நான், அதன் கஷ்டம் தெரியும். பேச்சு ஒரு பக்கம், தந்தி ஒரு பக்கம், கவனம் சிதறாமல் நடத்துவது சாதாரணமில்லை.

அபிநந்தனை விடுவதற்குச் சற்று முன்னால் இன்னொரு வீடியோ விட்டார்களே, பாகிஸ்தான் ராணுவத்தைப் புகழ்ந்தும் இந்திய ஊடகத்தைக் குறை சொல்லியும். பல இடத்தில் வெட்டி ஒட்டியிருந்தது, சும்மா பார்த்தாலே தெரிந்தது. அதைக்கூட நம் சேனல்கள் போட்டன.

டெஸ்க் ராஜா எழுதியது:

சரி, நடைமுறைக்கு வருகிறேன். நாளைக்கே ஒரு ஃபீட் வருகிறது, கண்கட்டிய வீரர், நம்ம ஆள். என்ன செய்யட்டும்? கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதாது என்று எனக்கே தெரியும். அபிநந்தனை அந்த மீசையை வைத்தே ஊர் முழுக்க அடையாளம் கண்டுகொண்டது. உடையில் பெயர்ப்பட்டை இருக்கும், குரல் இருக்கும்.

தென்கரை எழுதியது:

விஷுவலே வேண்டாம் ராஜா. 'விமானி ஒருவர் பிடிபட்டார், உயிருடன் இருப்பதாகத் தெரிகிறது, பிடித்தவர்கள் வெளியிட்ட வீடியோவை நாங்கள் ஒளிபரப்பவில்லை' என்று செய்தி வாசிப்பவர் சொல்லட்டும், ஸ்க்ரோலிலும் அதையே ஓட்டுங்கள். அரசு பெயரை அறிவிக்கும் வரை பெயர் வேண்டாம். வீட்டு வாசலுக்கு நேரலை எடுக்கும் ஓபி வேன் போகவே கூடாது. இதில் போட்டிச் சேனல், டிஆர்பி எதுவும் காரணமாகாது, ஏனென்றால் அவர் அந்த அறையில் எதைச் சொல்ல மறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

டெஸ்க் ராஜா எழுதியது:

வேன் போகக்கூடாது என்பதை நாளைக் காலை மீட்டிங்கில் வைக்கிறேன், அதற்கு எடிட்டர் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். விஷுவலை முழுசாக விடுவதற்குச் சண்டை போட வேண்டியிருக்கும். அந்தச் செய்தி வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் சார்.

யாழ்நிலா எழுதியது:

தம்பி ராஜா, மீற்றிங்கில இதையும் கேளுங்கோ: வந்த மூல வீடியோவை என்ன செய்வியள்? ஒளிபரப்பாட்டியும் அழிச்சுப் போடாதேங்கோ. திகதி, நேரம், எங்க இருந்து வந்தது எல்லாம் எழுதி, வெட்டாமல் வையுங்கோ. எங்கட விசயத்தில பிறகு பரிசோதிக்க ஏலுமாயிருந்தது, ஆரோ அப்பிடி வைச்சிருந்தபடியால்தான்.